சாவியைத் திருப்பினால் ஒரு நேரம் கிளம்புகிறது, ஒரு நேரம் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது: போட் இன்ஜினில் எங்கே பார்ப்பது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். நீங்களும் உங்கள் மைத்துனரும் சேர்ந்து வாங்கிய பழைய 19 அடி ஃபைபர் போட். பின்னால் 60 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்), கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வகை. மும்பை ஹார்பரில் கட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எலிஃபெண்டா தீவுப் பக்கம் தூண்டில் போடப் போகிறீர்கள். பத்து தடவை சாவி திருப்பினால் ஏழு தடவை சமர்த்தாகக் கிளம்புகிறது. மீதி மூன்றில் சில நேரம் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. சில நேரம் செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. பெரும்பாலும் நங்கூரம் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பக் கிளம்பும்போதுதான் இந்த வம்பு. பேட்டரி, பிளக், செல்ஃப் மோட்டார் மூன்றையும் மாற்றியாயிற்று. இப்போது மெக்கானிக் இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியை, மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்களே, “பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் பயமாக இருக்கிறது” என்று, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பாகம் கெட்டது என்பதைவிட, இந்த இன்ஜினை எப்போது நம்பலாம் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் பாகம் மாற்றுவதில் கிடைக்காது. விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு: எதை மாற்றினாலும் அடுத்த ஐந்து தடவை நன்றாகக் கிளம்பும். மாற்றியதால் கிளம்பியதா, தானாகக் கிளம்பியதா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு மூன்று முறை அப்படித்தான் நடந்திருக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரன். 22 வருஷமாக மும்பையில் போட் எலெக்ட்ரிக்கல் வேலை. சசூன் டாக்கில் மீன்பிடி லாஞ்சுகளில் கை பழகி, இப்போது பாவுச்சா தக்கா பக்கம் ஓடும் படகுகளைப் பார்க்கிறேன். அதிகம் பார்ப்பது டீசல், அவுட்போர்டும் பார்ப்பதுண்டு. இசியுவில் செருகிப் பிழைக் குறியீடு படிக்கும் கம்பெனிக் கருவி என்னிடம் இல்லை. அதனால் வயர், பேட்டரி, பெட்ரோல் வரைக்கும் நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சொல்வதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரே புகாராக எழுதியிருப்பது இரண்டு புகார். ‘டக்’ என்று நிற்பது வேறு, சுற்றியும் பிடிக்காமல் இருப்பது வேறு. முதலாவதில் மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாவதில் மோட்டார் தன் வேலையைச் செய்கிறது, தீப்பொறியோ பெட்ரோலோ வரவில்லை. மெக்கானிக்கிடம் “ஸ்டார்ட் ஆகலை” என்று மட்டும் சொன்னால் அவர் தன் அனுபவத்தில் அடிக்கடி பார்த்த பாகத்தைத்தான் மாற்றுவார். இனிமேல் ஒவ்வொரு தடவையும் காதால் கேட்டதை எழுதிவையுங்கள். ஒன்றுமே கேட்கவில்லையா, ஒரே ஒரு ‘டக்’கா, ‘டகடகடக’ என்று தொடர் சத்தமா, மெதுவாகச் சுற்றியதா, நல்ல வேகத்தில் சுற்றியதா. இந்த ஐந்தும் ஐந்து வேறு இடங்களைக் காட்டும். சத்தமே இல்லையென்றால் சாவி, ஃபியூஸ், நியூட்ரல் ஸ்விட்ச் (கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்ய விடுவது), அல்லது இடையில் உள்ள ஏதாவது ஒரு பிளக். ஒரே ‘டக்’ என்றால் சோலினாய்டு (சாவியின் உத்தரவில் செல்ஃப் மோட்டாருக்குக் கனத்த மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) வரை உத்தரவு வந்துவிட்டது, அதற்கு மேல் கனத்த மின்சாரம் போகவில்லை. தொடர் சத்தம் என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ்.

‘டக்’ வரும்போது பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது, அதனால் பேட்டரி பக்கம் குறையே இல்லை என்று உங்கள் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு பேட்டரி நிரம்பியிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு, நூற்றைம்பது ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். வழியில் எங்கோ பச்சை பிடித்த ஒரு முனையில் வெறும் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடம் மட்டும் 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். மீட்டரைப் ‘பீப்’ சத்தத்துக்கு வைத்துச் சோதித்தால் அதே முனை நல்லதென்று பாடும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். நூறு இழைகளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும். சந்துக்குள் சைக்கிள் போகிறது என்பதற்காக லாரியும் போகும் என்று சொல்ல முடியுமா?

இதில் நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒருவருடைய சின்ன படகுக்கு இதே ‘டக்’ புகார். ‘பீப்’ சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது, மோட்டார் என்று முடிவுகட்டி மாற்றினேன். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் அவர் ரேவ்தண்டா பக்கம் இருந்து போன் செய்து, என் பரம்பரையையே விசாரித்தார். கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்குப் போகும் நெகட்டிவ் கேபிளின் முனையில் போட்டிருந்த கறுப்பு உறைக்குள் செம்பு முழுக்கப் பச்சைப் பொடியாகியிருந்தது. வெளியே புதுசு மாதிரி. கையால் வளைத்தபோது ஒரு இடத்தில் மட்டும் மண்ணை மிதித்த மாதிரி நறநறத்தது. மோட்டார் மாற்றும்போது கேபிளை அசைத்திருக்கிறேன், அதில் இழைகள் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் தாக்குப்பிடித்திருக்கிறது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். மோட்டார் காசு அவருக்கு நஷ்டம்தான்.

அதன்பிறகு நான் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டு மல்டிமீட்டரே போதும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், புரொப்பல்லர் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவதற்காகக் கையில் மாட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அளப்பதற்கு அது வசதி. சிலவற்றில் சுற்றவே சுற்றாது, அப்படியானால் கிளிப்பைப் போட்டுவிட்டு இன்ஜின் பிடிக்கும் அந்த ஓரிரு நொடிக்குள் அளக்க வேண்டியதுதான். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் நேராக, அதன் மேல் மாட்டிய கிளாம்பில் அல்ல. இன்னொரு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். மைத்துனர் சாவியைத் திருப்பட்டும், ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் (நெகட்டிவ்) பக்கம் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் கோளாறு இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். அதே மாதிரி பாசிட்டிவ் குமிழிலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட் வரை. அதில் மெயின் ஸ்விட்ச், சோலினாய்டு எல்லாம் இடையில் வருவதால் அரை வோல்ட் வரை மன்னிக்கலாம். மூன்றாவதாக, சுற்றும்போது பேட்டரியின் இரண்டு குமிழுக்கும் நடுவே. அது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியே சந்தேகம், புதியதாக இருந்தாலும்.

அளவு கூடுதலாக வந்தால் மீட்டர் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: குமிழிலிருந்து கிளாம்பு, கிளாம்பிலிருந்து கேபிள் முனை, மெயின் ஸ்விட்சின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எந்த அடியில் வோல்ட் குதிக்கிறதோ அங்கே ஆள் ஒளிந்திருக்கிறான். பேட்டரியில் கையால் முறுக்கும் காது வைத்த நட்டுகள் இருந்தால் இன்றே கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பானர் போட்டு இறுக்கும் நட்டு போடுங்கள். அலை அடிக்கிற அடியில் அந்தக் காது நட்டு தானாகத் தளரும். பழைய போட் என்றீர்கள். முந்தைய சொந்தக்காரர் யாரோ லோஹார் சால் மின்சாரக் கடைகளில் வாங்கிய சாதாரண வீட்டு வயரை நடுவில் ஒட்டுப் போட்டிருக்க நிறைய வாய்ப்பு. வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் கடலுக்கு ஆகும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற அதே காரணம். பூசாத வயரில் உப்புத் தண்ணீர் முனையில் நுழைந்து, உறைக்குள்ளேயே அடிக்கணக்கில் ஏறிக் கறுத்துப்போகும். அதன் முனையை மட்டும் வெட்டிப் புதிதாக மாட்டிப் பயனில்லை.

இவ்வளவும் கனத்த கேபிளுக்கு. ‘டக்’ கூடக் கேட்காத நாட்களும் இருந்தால் மெல்லிய வயர் பக்கம் போக வேண்டும். அங்கேதான் நான் பொறி வைப்பேன். எலி வரும் நேரம் தெரியாதபோது இரவெல்லாம் தடியோடு உட்கார்ந்திருப்பதைவிடப் பொறி வைத்துவிட்டுத் தூங்குவது மேல் அல்லவா? சோலினாய்டுக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர் இணையும் இடத்திலிருந்து ஒரு வயர் எடுத்து, பைக் இண்டிகேட்டரில் போடுகிற மாதிரி சின்ன 12 வோல்ட் பல்பு ஒன்றை ஸ்டீயரிங் பக்கத்தில் தெரியும்படி மாட்டுங்கள், அதன் மறுமுனை எர்த்தில். நடுவில் ஒரு சின்ன ஃபியூஸ் போட மறக்காதீர்கள். அடுத்த முறை கிளம்பாதபோது பல்பைப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தும் சத்தம் இல்லையென்றால் சோலினாய்டு அல்லது அதன் எர்த். எரியவே இல்லையென்றால் சாவியோ நியூட்ரல் ஸ்விட்சோ வயரிங் பிளக்கோ. அந்த நேரத்தில் கியர் லிவரை நியூட்ரலிலேயே லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். உடனே கிளம்பினால் நியூட்ரல் ஸ்விட்ச்தான் குற்றவாளி. இந்த ஸ்விட்ச் எத்தனையோ பேரைப் படுத்தியிருக்கிறது, விலையோ சொற்பம்.

சரி, இரண்டாவது புகார், சுற்றியும் பிடிக்காதது. இதைத் தனி நோயாக எடுத்துக்கொண்டு பெட்ரோல் பக்கம் ஓடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் இன்ஜின் இன்ஜெக்ஷன் வகை. பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், இசியு எல்லாம் பேட்டரி வோல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. பச்சை பிடித்த முனை சுற்றும்போது இரண்டு வோல்ட்டைத் தின்றால் மோட்டார் சோம்பலாகவாவது சுற்றிவிடும், ஆனால் இசியு கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும், அல்லது அணைந்து அணைந்து விழிக்கும். அதாவது இரண்டு புகாருக்கும் ஒரே கேபிள் காரணமாக இருக்கலாம். இதை உங்கள் படகைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இசியு மாற்றும் முன் இதை விலக்கியே ஆக வேண்டும். சுற்றும் வேகத்தைக் கேட்டே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: பிடிக்காத தடவைகளில் மந்தமாகச் சுற்றுகிறது என்றால் கேபிள் பக்கம், வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது தீப்பொறி.

பெட்ரோல் பக்கம் சொல்வதற்கு அதிகமில்லை. சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால் இன்ஜினுக்குள் பம்பு இரண்டு மூன்று நொடி ‘ம்ம்ம்’ என்று முனகும். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டால், அது இல்லாத நாளில் உடனே தெரியும். பிடிக்காதபோது டேங்க் வழியில் உள்ள ரப்பர் உருண்டையை அழுத்திப் பாருங்கள், அம்புக்குறி இன்ஜின் பக்கம், நிமிர்த்திப் பிடித்தபடி. தொளதொளவென்று இருந்து, நாலு அழுத்து அழுத்தியதும் இன்ஜின் பிடித்தால், எங்கோ காற்று உறிஞ்சுகிறது. குழாய்க் கிளிப்போ இணைப்பின் ரப்பர் வளையமோ காரணமாக இருக்கும். உருண்டை சப்பிப்போய் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது வழியில் அடைப்பு. கொஞ்சம் பெட்ரோலை கண்ணாடி பாட்டிலில் பிடித்து கால் மணி நேரம் வையுங்கள், அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர். இப்போது நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்காரும், உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. மழைக்கு ஜூனில் மேலே ஏற்றிவைத்த படகை அதே பெட்ரோலோடு அக்டோபரில் இறக்கினால் வம்பை நாமே அழைத்த மாதிரி.

அப்புறம் அந்த ஒரு மணி நேரம். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது அந்தத் தகவல்தான். நங்கூரம் போட்டு உட்காரும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஃபிஷ் ஃபைண்டர், பாட்டு, தண்ணீர் பம்பு எல்லாம் பேட்டரியைக் குடிக்கின்றன. இன்னொன்று, ஓடி நின்ற இன்ஜினின் சூடு மூடிக்குள்ளேயே தேங்கி, சுற்றியுள்ள எல்லாவற்றையும் வேகவைக்கிறது. சூடான செம்புக்குத் தடை கூடும், விளிம்பில் நின்ற முனை அப்போதுதான் கைவிடும். ஓடும்போது பேட்டரி ஏறுகிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் மிதமான வேகத்தில் ஓடுகையில் குமிழில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜிங் இல்லை, புதுப் பேட்டரியும் இரண்டு ஞாயிறில் சாகும். ஓடும்போது மெயின் ஸ்விட்சை யாராவது அணைத்துப் பார்த்திருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ரெக்டிஃபையரே போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிறு எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு உட்காருங்கள். அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் போட்டு உட்காருங்கள். அணைத்த ஞாயிறும் சரி, போட்ட ஞாயிறும் சரி, ஒரே மாதிரி மக்கர் செய்தால் சூடுதான். போட்ட அன்று மட்டும் என்றால் பேட்டரி.

நல்ல வேகத்தில் சுற்றுகிறது, பெட்ரோல் சுத்தம், வோல்ட் எல்லாம் சரி, சூட்டில் மட்டும் பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்வது), இக்னிஷன் காயில் (தீப்பொறிக்கு மின்சாரம் தருவது) போன்றவை மேல் சந்தேகம் திரும்பும். சூட்டில் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அவற்றை இன்ஜின் சூடாகக் கிளம்பாமல் நிற்கும்போதே அளக்க வேண்டும், கரைக்கு வந்து டீ குடித்துவிட்டு அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். இந்தக் கட்டத்தில் கம்பெனிக் கருவி வைத்திருப்பவரிடம் போவதே மரியாதை. இசியு கெடாது என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரை இசியு மேல் பழி விழுந்த படகுகளில் முக்கால்வாசி எர்த் வயரில்தான் முடிந்தன. அது என் அனுபவக் கணக்கு மட்டும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவது பற்றி. மேலே சொன்ன அளவுகள் கைக்கு வரும்வரை வேண்டாம். எலிஃபெண்டாவைச் சுற்றி நீங்கள் போகும் தண்ணீரில்தான் நவா ஷேவா துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் கப்பல்களின் பாதை இருக்கிறது. அவற்றால் உங்களுக்காக நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. வற்று நீர் இழுக்கும்போது இன்ஜின் நின்றால் எங்கே போய்ச் சேருவோம் என்பது நம் கையில் இல்லை. நீங்கள் இருவர் மட்டும் சோதனைக்குப் போனாலும் கப்பல் பாதைக்கு வெளியே நில்லுங்கள், நங்கூரக் கயிறு தாராளமாக இருக்கட்டும், விஎச்எஃப் ரேடியோ இருந்தால் சேனல் 16, போனில் கடலோரக் காவல் படையின் 1554. கிளம்பவில்லையே என்ற பதற்றத்தில் ஸ்க்ரூடிரைவரால் சோலினாய்டை நேராக இணைக்கும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நியூட்ரல் பாதுகாப்பு அங்கே கிடையாது, கியரில் இருந்தால் படகு குதித்து ஆளைத் தண்ணீரில் தள்ளும், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் வேறு.

இந்த ஞாயிறு கரையோரத்திலேயே, இன்ஜின் தண்ணீருக்குள் இருக்கும்படி, குளிர்ந்த நிலையில் ஒரு தடவை, அரை மணி ஓட்டி நிறுத்தி இருபது நிமிஷம் கழித்து ஒரு தடவை என்று அந்த மூன்று அளவுகளையும் எடுங்கள்: எர்த் பக்கம், பாசிட்டிவ் பக்கம், சுற்றும்போது பேட்டரி. ஆறு எண்கள். அவற்றையும், எந்தத் தடவை என்ன சத்தம் கேட்டது என்பதையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இசியுவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் மட்டும் இன்றைக்கே போன் செய்து நிறுத்தி வையுங்கள், மின்சாரப் பாகத்தை ஒருமுறை பிரித்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.